சிரிப்பை எடுத்துவிடவா, அக்கா?

வாசகர் கடிதம்:

அக்காவுக்கு வணக்கம். மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வயது 34. நாலு வருஷம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஒரு சரித்திரக் காதல் நாவல் எழுதி, போன வருஷம் சொந்தக் காசில் 500 பிரதி அச்சடித்தேன். ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி காலத்துக் கதை. அரண்மனையில் ஓலை எழுதும் ராயசம் ஒருவன் சங்குக் குளியல் கணக்குப் பார்க்கக் கீழக்கரைக்கு வருகிறான். கடலைப் பார்த்தாலே அவனுக்கு வயிற்றைப் புரட்டும். அவனுக்கும் ஒரு தண்டலின், அதாவது படகுத் தலைவரின், மகளுக்கும் காதல். படிக்கிறவர்கள் சிரித்துக்கொண்டே படிக்கவேண்டும் என்று ஆசைப்பட்டு எழுதினேன்.

இப்போது ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ராமநாதபுரத்துக் கல்லூரிப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்ததாகச் சொல்கிறார்கள். என் தாய்மாமா, "ராஜா வர்ற இடத்துல என்னடா கெக்கலிப்பு?" என்று கேட்டதோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பதினொரு பிழை என்று பட்டியல் கொடுத்தார். மூக்கையூரிலிருந்து ஒரு பெண், 171-ஆம் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிட்டதாகக் கார்டு போட்டிருக்கிறார். ஓரியூர்க்காரர் ஒருவர் வருத்தப்பட்டார். கடலுக்குப் போகும் பெரியவர், "தம்பிக்குக் காத்து தெரியல" என்றார். என் நண்பனோ, சிரிப்பு வந்ததால் காதலும் கெட்டது, சரித்திரமும் கெட்டது, ரெண்டுங்கெட்டான் புத்தகம் என்கிறான். இரண்டாம் பதிப்புக்கு அச்சகத்தில் கேட்கிறார்கள். சிரிப்பை எல்லாம் எடுத்துவிட்டு நல்ல சரித்திர நாவலாக்கி விடவா? இவர்களுக்கெல்லாம் என்ன பதில் சொல்வது?

பதில்:

அன்புத் தம்பிக்கு,

உங்கள் புத்தகத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை தனியாக. இரண்டாம் தடவை தொண்டியில் என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்கு 80 வயது தாண்டிவிட்டது, கண் சரியாகத் தெரியாது. ராயசம் எழுதும் அந்தக் காதல் ஓலை வந்ததும் சிரிக்க ஆரம்பித்தவர், ஊரே முழக்கயிற்றோடு எல்லை அளக்கக் கிளம்பிய இடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருடி, மறுபடி முதல்லேருந்து வாசி" என்றார். மறுபடி வாசித்தேன். அதற்கு நாற்பது பக்கம் தள்ளி 171 வந்தபோது ஒன்றும் பேசவில்லை. பக்கத்தைத் திருப்பப் போனேன். "ஏன்டி, அந்தப் புள்ளைய எதுக்கு இப்படிச் சொல்றான்?" என்று கேட்டார். மூக்கையூர்ப் பெண்ணின் கார்டைப் பற்றி நான் அம்மாவிடம் சொல்லியிருக்கவில்லை.

கேட்ட கேள்விக்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிரிப்பை எடுக்காதீர்கள். எடுத்தால் அந்தப் புத்தகம் செத்துவிடும். ஆனால் உங்களிடம் குறை சொன்னவர்களில் ஒருவர்கூட வீண்பேச்சுப் பேசவில்லை. ஒவ்வொருவரும் ஒரு பக்கத்தைத் தொட்டுக் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கங்களில் வேலை இருக்கிறது.

"பிடித்தவர் இத்தனை பேர், பிடிக்காதவர் இத்தனை பேர்" என்று ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். கணக்கு எழுதும் கை, அப்படித்தான் எழுதும். அந்தத் தாளைத் தயவுசெய்து கிழித்துப் போடுங்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் நான் அதே வேலையைச் செய்தேன். அப்போது வேலை பார்த்த பதிப்பகத்தில் ஒரு பெண்ணின் முதல் நாவல், உங்களுடையதைப் போலவே சிரிப்பும் காதலுமாக வந்தது. எதிர்த்து 14 கடிதம், ஆதரித்து 9. எண்ணிப் பார்த்துவிட்டு, மறுபதிப்பில் சிரிப்பையெல்லாம் வெட்டச் சொன்னார்கள். வெட்டியது நான்தான். வெட்டிய பிரதியை அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன். "சரிங்க" என்று ஒரு வரியில் பதில் வந்தது. அதற்குப் பிறகு அவர் எழுதவே இல்லை. அந்த 14 பேரும் எந்தப் பக்கத்தில் முகம் சுளித்தார்கள் என்று நான் ஒருவரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆறு பக்கத்தோடு போயிருக்கும். அந்த வருத்தம் எனக்கு இன்றுவரை போகவில்லை.

அதன்பிறகு என் வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். கைப்பிரதி வந்தால் நாலைந்து பேரிடம் ஆளுக்கொரு பிரதியும் ஒரு பென்சிலும் கொடுப்பேன். சிரித்த இடத்தில் ஓரத்தில் ஒரு கோடு, மூடி வைக்கத் தோன்றிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. கருத்து எதுவும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். கருத்து கேட்டால் ஆட்கள் தங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். பென்சில் புத்தகத்தைப் பற்றி மட்டும் பேசும். உங்களுக்கு வந்த கடிதங்களையும் அப்படியே வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பக்க எண் போட்டுப் பார்த்தேன். அதில் ஒன்று கண்ணில் பட்டது. காதல் ஓலை வரும் அத்தியாயத்தைப் பற்றி ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. உங்கள் மாமாவும் சொல்லவில்லை. அவர் கோபம் 203-ஆம் பக்கத்தில்தான் தொடங்குகிறது. 202 பக்கம் அந்த மனிதர் உங்களோடு கூடவே வந்திருக்கிறார், தம்பி. சிரிப்பைப் பிடித்தவர் ஒரு கட்சி, பிடிக்காதவர் இன்னொரு கட்சி என்று நினைத்துக் கலங்கியிருக்கிறீர்கள். ஒரே ஆள்தான் ஒரு பக்கத்தில் சிரித்திருக்கிறார், இன்னொரு பக்கத்தில் முகம் சுருங்கியிருக்கிறார்.

ஏன் அப்படி என்பதற்குத் தொல்காப்பியத்தைத் திறந்தால் போதும். மனசில் எழும் உணர்ச்சி உடம்பில் தெரிவதை மெய்ப்பாடு என்கிறது. எட்டு மெய்ப்பாடுகளில் முதலாவதாக வைத்திருப்பது நகையை, அதாவது சிரிப்பைத்தான். அது பிறக்கும் இடம் நான்கு: "எள்ளல் இளமை பேதைமை மடன்." பிறரை இகழ்வதில் வருவது எள்ளல். பிள்ளைத்தனத்தில் வருவது இளமை. அறியாமையில் வருவது பேதைமை. கேட்டதை அப்படியே மெய் என்று நம்புவதில் வருவது மடன். சிரிப்பு என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். ஊற்று நாலு. உங்கள் புத்தகத்தில் நாலும் இருக்கின்றன. எந்த ஊற்றை எந்த ஆளுக்குத் திறந்துவிட்டீர்கள் என்பதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது.

காதல் ஓலையையே எடுத்துக்கொள்ளுங்கள். ராயசத்துக்குத் தெரிந்த எழுத்து தானசாசனம் ஒன்றுதான். அதனால் காதலையும் சாசனமாக எழுதுகிறான். உங்கள் வரிகளை இங்கே வாசகர்களுக்காக எடுத்து எழுதுகிறேன்: "கிழக்கெல்லை கடலுக்கு மேற்கு, தெற்கெல்லை நீ வலை உலர்த்தும் கயித்துக்கு வடக்கு, மேற்கெல்லை உன் வீட்டு வாசப்படிக்குக் கிழக்கு, வடக்கெல்லை நான் தங்கின சாவடிக்குத் தெற்கு, இந்நான்கெல்லைக்குள்பட்ட என் மனசைக் கல்லும் காவேரியும் புல்லும் பூமியும் உள்ளமட்டும் ஆண்டு அனுபவித்துக் கொள்ளவும். இதுக்கு அகிதம் பண்ணினவன் கெங்கைக் கரையிலே காராம்பசுவைக் கொன்ற தோஷத்திலே போகக் கடவான்." சேதுபதிகளின் செப்பேடுகளைப் புரட்டியவர்களுக்குத் தெரியும், இந்த வாசகம் நீங்கள் கட்டியது இல்லை. காராம்பசு தோஷமும் கல்லும் காவேரியும் அந்தக் காலச் சாசனங்களில் அப்படியே வருகின்றன. அவளுக்கோ படிக்கத் தெரியாது. திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். அவர் நிஜச் சாசனம் என்று நினைத்து உரக்க வாசிக்கிறார். ஊருக்கு நிலம் கிடைத்துவிட்டது என்று கயிற்றைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார்கள். கடைசியில் நாலு எல்லைக்கும் நடுவே அவள் உட்காரும் மணல்திட்டு மட்டும்தான் மிஞ்சுகிறது.

இங்கே ராயசத்திடம் இருப்பது பேதைமை. ஊரிடம் இருப்பது மடன். யாரும் யாரையும் இகழவில்லை. அதோடு அவள் அந்த மணல்திட்டில் நின்று கடைசி எல்லைக்கல்லைப் பார்க்கும்போது, அவன் எதைக் கொடுத்திருக்கிறான் என்று அவளுக்கு மட்டும் புரிகிறதே, அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு நின்று தொண்டை அடைத்துக்கொண்டது. சிரிப்பு காதலைக் கெடுத்துவிட்டது என்று சொன்ன உங்கள் நண்பரிடம் இந்த இரண்டு பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். அதற்கும் அசையாவிட்டால் கலித்தொகையில் கபிலரின் "சுடர்த்தொடீஇ கேளாய்" பாட்டைக் காட்டுங்கள். தண்ணீர் கேட்டு வந்தவன் வளையல் கையைப் பிடிக்கிறான். அவள் அலறுகிறாள். தாய் ஓடி வருகிறாள். அவள் சட்டென்று, உண்ணுநீர் விக்கினான் என்று மாற்றிச் சொல்கிறாள். தாய் அவன் முதுகை நீவிவிட, அவனோ கடைக்கண்ணால் இவளைப் பார்த்துச் சிரிக்கிறான். காதலும் சிரிப்பும் நம் பாட்டில் அன்றிலிருந்தே ஒரு வீட்டுப் பிள்ளைகள்.

இனி 171-ஆம் பக்கம். ராயசத்தின் அரண்மனைத் தோழன் கடற்கரைக்கு வருகிறான். தண்டலின் மகள் பக்கத்தில் வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கவிச்சி" என்கிறான். அடுத்த பக்கத்தில் அவள் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 175-இல் திரும்பவும் கவிச்சி. மூன்று இடத்திலும் ராயசம் கூடச் சேர்ந்து சிரிக்கிறான். இது சுத்தமான எள்ளல். அதுவும் யார்மீது? அதுவரை அந்தக் கதையிலேயே அறிவுள்ள ஆள் அவள்தான் என்று நீங்களே எங்களை நம்பவைத்த பெண்மீது. மூக்கையூர்ப் பெண்ணின் கார்டை மறுபடி எடுத்துப் படியுங்கள். "இந்தச் சொல்லை நான் பஸ்ஸில் கேட்டிருக்கிறேன், புத்தகத்திலும் கேட்க வேண்டுமா" என்றுதான் எழுதியிருக்கிறார். மீன்கூடையை மடியில் வைத்துக்கொண்டு ராமநாதபுரம் பஸ்ஸில் உட்கார்ந்து போன எந்தப் பெண்ணுக்கும் அது என்ன சொல் என்று தெரியும். நீங்களும் கடற்கரைப் பிள்ளை. உங்களுக்கும் தெரியும்.

அந்தக் காலத்தில் அப்படிப் பேசினார்கள், உள்ளதைத்தானே எழுதினேன் என்று நீங்கள் சொல்லலாம். பேசியிருப்பார்கள். தோழன் பேசட்டும், தடையில்லை. ஆனால் கதை யார் பக்கம் நிற்கிறது? எள்ளலில் இரண்டு வகை உண்டு என்று தொல்காப்பிய உரையில் விளக்கம் இருக்கிறது. நாம் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று. பிறர் நம்மை எள்ளும்போது நமக்கே வரும் சிரிப்பு இன்னொன்று. சிரிப்பை அவள் கைக்கு மாற்றிக் கொடுங்கள். மூக்கைப் பொத்திய அதே தோழன் அன்று மதியம் அவள் வைத்த மீன்குழம்பில் மூன்றாம் தடவை சோறு கேட்கிறான் என்று வையுங்கள். அவள் ஒன்றும் சொல்லாமல் அகப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். ராயசம் தலையைக் குனியட்டும். நிறத்தைப் பற்றிய வரியை மட்டும் அப்படியே அடித்துவிடுங்கள். அதற்குப் பதில் வரி எதுவும் வேண்டாம்.

மாமாவிடம் வருகிறேன். அவர் சொன்னதை எளிதில் தள்ளிவிடாதீர்கள். நம் சீமையில் சேதுபதி என்றால் பாடப்புத்தகத்து ராஜா இல்லை. தாத்தா வாய்வழியாக வந்தவர். வீட்டுப் பெரியவர் மாதிரி. அந்தப் பெருமிதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ராஜா இருக்குமிடத்தில் சிரிப்பும் காதலும் கூடாது என்று அவர் சொன்னதை அந்த ராஜாக்களே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ரகுநாத சேதுபதியைப் பாட்டுடைத் தலைவராக வைத்து அமிர்தகவிராயர் ஒருதுறைக் கோவை பாடினார். ஒரு பெண் நாணத்தால் கண்ணைப் பொத்திக்கொள்ளும் அந்த ஒரே செய்கைக்கு 400 பாட்டு. நானூறும் விளையாட்டுத்தான். ராமநாதபுரம் அரண்மனையில் உள்ள ராமலிங்க விலாசத்துக்கு மாமாவை ஒருநாள் அழைத்துக்கொண்டு போங்கள். அங்கே சுவரோவியங்களில் போர்க்களமும் இருக்கிறது. மேல்மாடத்துச் சுவரில் மன்னர் பெண்கள் நடுவே இன்பமாக இருக்கும் காட்சிகளும் இருக்கின்றன. தங்கள் அரண்மனைச் சுவரில் தாங்களே தீட்டவைத்தவை.

சொல்லிவிட்டேன். ஆனாலும் 203-ஆம் பக்கத்தில் மாமா சொல்வதுதான் சரி. காதல் ஓலை வழக்காகி மன்னர் முன்னால் வருகிறது. நீங்கள் மன்னரை அது நிஜச் சாசனம் என்று நம்பவைத்து, "நாம் எப்போது கொடுத்தோம்?" என்று திருதிருவென விழிக்க வைத்திருக்கிறீர்கள். மடனை மன்னருக்குக் கொடுத்துவிட்டீர்கள், தம்பி. கிழவன் சேதுபதி யார்? போகலூரிலிருந்து தலைநகரை ராமநாதபுரத்துக்குக் கொண்டுவந்தவர். 1702-இல் ராணி மங்கம்மாளின் படையை எதிர்த்து நின்று வென்று, மதுரை நாயக்கர் பிடியிலிருந்து சீமையை விடுவித்தவர். 1710 வரை ஆண்டவர். எத்தனை செப்பேடு பார்த்த கண் அது. முத்திரை இல்லாத ஓலையை எடுத்துவந்து நீட்டினால் முதல் வரியிலேயே பிடித்துவிடுவார். அவர் ஏமாந்தார் என்றால் மாமா மட்டுமில்லை, கல்லூரிப் பிள்ளைகளில் கொஞ்சம் படித்தவர்களும் நம்பமாட்டார்கள்.

முதல் வரியிலேயே பிடிக்கட்டும். பிடித்துவிட்டுக் காட்டிக்கொள்ளாமல் இருக்கட்டும். ராயசத்தை நடுச்சபையில் நிறுத்தி, "கிழக்கெல்லையைச் சொல், வடக்கெல்லையைச் சொல்" என்று ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லவைத்து, அவன் வேர்த்துக் கொட்டுவதைப் பார்க்கட்டும். கடைசியில், "இந்தச் சாசனத்துக்கு நாமும் கட்டுப்பட்டோம், காராம்பசு தோஷம் நமக்கு எதற்கு?" என்று எழுந்து போகட்டும். அப்போதும் சபை சிரிக்கும். ஆனால் அந்தச் சிரிப்பை ஆட்டிவைப்பவர் மன்னர். மாமாவுக்கு அதில் வலிக்க ஒன்றுமில்லை. நீங்கள் நினைத்ததைவிட நல்ல காட்சியும் கிடைக்கும்.

கடலுக்குப் போகும் பெரியவர் சொன்னதுதான் உங்களுக்கு வந்த விமர்சனங்களிலேயே விலைமதிப்பானது. 96-ஆம் பக்கத்தில் ஆடிப் பௌர்ணமி இரவு, கீழக்கரைக் கடல், "கண்ணாடிபோல் அசையாத நீர்", இரண்டு பேரும் வள்ளத்தில் போகிறார்கள். தம்பி, நீங்கள் மண்டபத்தில் இருக்கிறீர்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆண்கடல், இந்தப் பக்கம் பெண்கடல் என்று தினமும் காதில் விழும் ஊர் அது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் ஆடியில் தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் கடல் கொந்தளித்துக் கிடக்கும். வடக்கே பாக் விரிகுடாப் பக்கம்தான் அடங்கியிருக்கும். வாடைக்காலத்தில் அப்படியே தலைகீழ். கீழக்கரை பார்ப்பது தென்கடலை. ஆடியில் அங்கே கண்ணாடி ஏது?

காட்சியைப் பாக் விரிகுடாப் பக்கம் இருக்கும் தேவிபட்டினத்துக்கு மாற்றினால் பிழை சரியாகிவிடும். சித்திரைக்குத் தள்ளினாலும் ஓரளவு சரியாகிவிடும். நான் இரண்டையும் சொல்லமாட்டேன். உங்கள் கதாநாயகனுக்குக் கடல் என்றாலே வயிற்றைப் புரட்டும் என்று முதல் பக்கத்திலிருந்து சொல்லிவருகிறீர்கள். அவனை அசையாத கடலில் கொண்டுபோய்விட்டால் அதற்கு என்ன பயன்? ஆடியாகவே இருக்கட்டும், கீழக்கரையாகவே இருக்கட்டும், கச்சான் அடிக்கட்டும். அவள் தகப்பன் அப்பா தீவில் மாட்டிக்கொண்டார் என்றோ வேறு எப்படியோ, போயே தீரவேண்டிய காரணம் ஒன்று வையுங்கள். கரையை விட்டு நூறு பாகம் போவதற்குள் ராயசம் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குடலைக் கக்கட்டும். நிலா, நட்சத்திரம் என்று எழுதிவந்த உவமைகளில் ஒன்றுகூட அவன் வாய்க்கு வரக்கூடாது. அவள் ஒரு கையால் துடுப்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவன் நெற்றியைத் தாங்கட்டும். அந்தக் கை அங்கேயே கொஞ்சநேரம் இருக்கட்டும். உங்கள் பக்கத்தில் மூன்று பத்தி நிலவு வர்ணனை செய்யாததை அந்தக் கை செய்துவிடும். எழுதி முடித்ததும் அந்தப் பெரியவரிடமே கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள். இன்னும் நாலு திருத்தம் சொல்வார். எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓரியூர் விஷயத்தில் யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். உங்கள் கதை நடப்பது 1693. அந்த வருஷம் பிப்ரவரி 4-ஆம் தேதி ஓரியூரில் கிறிஸ்தவத் துறவி அருளானந்தர் தலை வெட்டப்பட்டார். அந்தச் செம்மண்ணை இன்றும் கண்ணில் ஒற்றிக் கொண்டுபோகிறார்கள். அதே வருஷம், அதே ஊர்ச் சந்தையில் கோழி திருடன் துரத்தப்படும் கூத்தை வைத்திருக்கிறீர்கள். நீங்கள் தெரியாமல்தான் வைத்திருப்பீர்கள். வாசித்தவர் தெரிந்தே வலிபட்டிருக்கிறார். சந்தையை வேறு ஊருக்குக் கொண்டுபோங்கள். அவருக்கு ஒரு கடிதமும் எழுதுங்கள். மற்றவர்களுக்கு நான் பதில் எழுதச் சொல்லவில்லை. இவருக்கு எழுதத்தான் வேண்டும்.

தலைமையாசிரியரின் பதினொன்றில் எட்டு சரி. சீமைக்கருவேல முள்ளில் ராயசத்தின் வேட்டி மாட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது இந்தியாவுக்கே 19-ஆம் நூற்றாண்டில் வந்த மரம். 1693-இல் நம் கரையில் நின்றது உடைமரம். அதன் முள்ளும் வேட்டியைக் கிழிக்கும், கவலைப்படாதீர்கள். ரசத்தில் தக்காளி வேண்டாம், புளி போதும். நிமிடம் என்பதை நாழிகையாக்குங்கள், ஆனால் ஒரு நாழிகைக்கு 24 நிமிடம் என்பதை நினைவில் வைத்து ஆக்குங்கள். சீதக்காதி உயிரோடு பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதே ஒருவன் "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்கிறானே, அதை உடனே எடுங்கள். அந்தச் சொல் அவர் மறைந்த பிறகு பிறந்தது. மீதி மூன்றில் அவர் கேட்பது சரித்திரம் இல்லை, அவருடைய விருப்பம். நன்றி சொல்லிவிட்டு விட்டுவிடலாம்.

இன்னொன்று, உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காதது. அட்டை. குதிரை, வாள், கோட்டை, பின்னால் புகை. வாரப் பத்திரிகைத் தொடர்களில் வளர்ந்தவர்கள் இந்த அட்டையைப் பார்த்தால் சுரங்கப்பாதையும் படையெடுப்பும் எதிர்பார்த்துத்தான் உள்ளே வருவார்கள். வந்தால் அங்கே ஒருவன் வள்ளத்தில் வாந்தி எடுக்கிறான். கோபம் வருமா வராதா? கல்லூரிப் பிள்ளைகள் அட்டையைப் பார்த்து வாங்கவில்லை. அந்தக் காதல் ஓலையைக் கைபேசியில் படம் பிடித்து ஒருவருக்கொருவர் அனுப்பித்தான் உங்கள் புத்தகத்துக்கு வந்தார்கள். என்ன சாப்பாடு என்று தெரிந்துகொண்டு பந்தியில் உட்கார்ந்தார்கள், ரசித்துச் சாப்பிட்டார்கள். புதிய அட்டையில் ஒரு பனையோலை போதும், ஓரத்தில் ஒரு எல்லைக்கல். பெயருக்குக் கீழே "நகைச்சுவைச் சரித்திர நாவல்" என்று தெளிவாகப் போடுங்கள். குதிரைக்காரர்கள் வேறு புத்தகம் எடுத்துக்கொள்வார்கள். உங்களுக்கும் அவர்களுக்கும் மனத்தாங்கல் இருக்காது.

பதில் சொல்வதைப் பற்றிக் கேட்டீர்கள். எதிர்த்து வாதாட வேண்டாம். சிரிப்பு வராதவரிடம் இது ஏன் சிரிப்பு என்று விளக்கி யாரும் ஜெயித்ததில்லை. "எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேளுங்கள். பக்கம் சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள். சொல்லாவிட்டால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். மாமாவிடம் மட்டும் கடிதம், போன் எதுவும் வேண்டாம். நேரில் போங்கள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் 203-ஐப் பிரித்து, "இந்த இடத்துல நீங்க சொன்னதுதான் சரி மாமா, மாத்தப்போறேன், மாத்தினதைக் கேளுங்க" என்று வாசித்துக் காட்டுங்கள். காதல் ஓலையைப் பற்றி நீங்களாகப் பேச்சை எடுக்காதீர்கள். அவரே எடுப்பார் என்று நினைக்கிறேன்.

உங்கள் பிரதியைத் தனித்தபாலில் அனுப்பியிருக்கிறேன். நேர்க்கோடெல்லாம் என்னுடையது, 34 இருக்கிறது. பெருக்கல் குறி ஒன்பது. 134-ஆம் பக்கத்தில் கோணல்மாணலாக இருக்கும் ஒரு கோடு அம்மா போட்டது. பென்சிலை வாங்கித் தானே போடுவேன் என்றார். அதோடு ஒன்று கேட்கச் சொன்னார். எல்லைக்கல் நட்டது வரை கதையில் இருக்கிறது, வழக்கு நடந்ததும் இருக்கிறது, கல்யாணமும் இருக்கிறது. அந்த ஓலையைக் கடைசியில் அவள் எங்கே வைத்தாள்? புத்தகம் முழுக்கத் தேடினேன், எங்கேயும் நீங்கள் சொல்லவில்லை. எழுதி அனுப்புங்கள், தம்பி. அம்மா ரெண்டு தடவை கேட்டுவிட்டார்.